சந்தை நாளில் படித்த கடுதாசி

அம்மிணி,

இங்கே எல்லோரும் சுகம், அங்கே உங்கள் சுகத்துக்கு எழுது என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அந்த ஒரு வரியை எத்தனை குடும்பத்துக்கு என் வாயால் படித்துச் சொல்லியிருக்கிறேன்! அதில் ஒரு தடவை சொன்னது பொய். அந்தப் பொய்யைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உன் அம்மாவுக்கு முட்டிவலி, எனக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது, செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. வீட்டு விசேஷம் அவ்வளவுதான். மாப்பிள்ளைக்கு மலைக் குளிர் ஒத்துக்கொண்டதா என்று கேட்டதாகச் சொல். இதைப் படிக்கும்போது பக்கத்தில் யாரும் வேண்டாம். வாய்விட்டும் படிக்காதே.

போன மாதம் உன் கடிதம் வந்தது. தேவிகுளத்தில் சர்க்கார் கச்சேரிக்குப் பின்னால் ஒரு காலி அறை கிடைத்திருப்பதாகவும், தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்து படிக்க அங்கே ஒரு வாசகசாலை வைக்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். ‘வேலந்தாவளத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு வாசகசாலையை நிற்க வைத்தீர்களே அப்பா, ஆட்களை எப்படி வரவழைத்தீர்கள், அதை மட்டும் விவரமாக எழுதுங்கள்’ என்று கேட்டிருந்தாய். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் எனக்கென்று நீ எழுதிய முதல் கடிதம் அதுதான். மற்றதெல்லாம் உன் அம்மாவுக்கு. அடியில் ‘அப்பாவையும் கேட்டதாகச் சொல்லவும்’ என்று ஒரு வரி எனக்கு. மூன்று தடவை சந்தோஷமாகப் படித்தேன். நாலாவது தடவை படிக்கும்போது வெட்கமாகப் போய்விட்டது. ஆட்களை எப்படி வரவழைத்தேன் என்று சொல்ல வேண்டுமானால், இத்தனை வருஷம் உன்னிடம் மறைத்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சரி, முதலில் நீ கேட்டதற்குப் பதில். புத்தகத்தைப் பூட்டி வைக்காதே. முதல் இரண்டு வருஷம் நான் அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். படிக்க வந்தவன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். இப்படியா ஒரு மனுஷன் வாசகசாலை நடத்துவான்? ‘சத்தம் போடாதே’ என்று பலகையும் மாட்டாதே. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் வாய் அசையாமல் எப்படிப் படிப்பார்கள்? பக்கத்தை மடக்கினால் கோபித்துக்கொள்ளாதே. புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கினாலும் எழுப்பாதே, அந்த மட்டுக்கும் வந்தார்களே என்று நினைத்துக்கொள். மலையில் ஈரம் அதிகம். வெயில் அடிக்கிற நாளில் புத்தகங்களை வெளியே விரித்து வைத்து, அலமாரியில் வசம்பும் வேப்பிலையும் போடு. வேப்பிலை அங்கே கிடைக்காவிட்டால் எழுது, காயவைத்து அனுப்புகிறேன்.

எந்தப் புத்தகம் முதலில் வேண்டும் என்றால், அவர்களுக்கு எது தலைவலியோ அதைப் பற்றியது. நான் பெரிய பெரிய புத்தகமாகப் பார்த்து வாங்கி அடுக்கினேன். சீந்த ஆளில்லை. மதராசிலிருந்து பத்திரிகை மூன்று நாள் கழித்து வரும். அதையும் நானும் பருத்திக் கிடங்குக் கணக்கப்பிள்ளையும் மட்டும் படிப்போம். ஒரு சந்தை நாளில் மாட்டுத் தரகர் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். “ஏனுங்க, உங்க பொஸ்தகத்துல வகுறு உப்புசத்துக்கு ஏதாச்சும் போட்டிருக்குதுங்களா? காளை எந்திரிக்கவே மாட்டேங்குதுங்க” என்றார். அலமாரியில் ஒரு மாட்டு வைத்தியப் புத்தகம் இருந்தது, யாரோ இனாமாகக் கொடுத்தது. எடுத்துப் படித்துச் சொன்னேன். சாயங்காலம் காளை எழுந்துவிட்டது. அது தானாகவே எழுந்திருக்குமோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த சந்தைக்கு ஏழு பேர் வந்து வாசலில் நின்றார்கள். அன்று தொடங்கியதுதான், சந்தை நாள்தோறும் புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் வாய்விட்டுப் படித்தது. உள்ளே வரக் கூசுகிறவர்களும் கேட்கட்டும் என்றுதான் வெளியே உட்கார்ந்தேன். அதுவரை நான் செய்ததில் குற்றமில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அப்புறம்தான் கடுதாசி வந்தது. மழை பொய்த்த இரண்டு வருஷத்தில் நம் பக்கத்துக் கூலிக்காரர்கள் பலர் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி பின்னால் மலைக்குப் போய்விட்டார்கள், நீ இப்போது இருக்கிற அந்த மலைக்குத்தான். அவர்கள் அங்கே எழுத்துத் தெரிந்த ஒருவரைப் பிடித்து எழுதி அனுப்புவார்கள். இங்கே அதைப் படிக்க ஆள் கிடையாது. அஞ்சல்காரர் படித்துப் படித்துச் சலித்துப்போய், வாசகசாலைக்கு எடுத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டார். நான் சந்தை நாளில் மரத்தடியில் வைத்துப் படித்தேன். ஒருத்தி கடுதாசியைக் கேட்க ஒன்பது பேர் கூடினார்கள். யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் கங்காணியோடு சண்டை போட்டான், எந்த லயத்தில் யானை வந்தது எல்லாம் அதில் இருக்கும். சிரிப்பார்கள், அழுவார்கள், “இன்னொருக்கா படிங்” என்பார்கள். பாதிச் சந்தை என் மரத்தடியில் நின்றது. கடுதாசி கேட்க வந்தவன் அப்படியே பத்திரிகையும் கேட்டான், மெல்ல மெல்ல உள்ளேயும் வந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்குக் குரல் நன்றாக இருக்கும், உனக்குத் தெரியும். அந்தக் குரல்தான் என்னைக் கெடுத்தது. மலையில் இருப்பவன் நாலு வரி மொட்டையாக எழுதியிருப்பான். இவள் அத்தனை தூரம் நடந்து வந்து, முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். மனசு கேட்காது. ‘உன் நினைப்பாகவே இருக்கிறேன்’ என்று ஒரு வரியை நானே சேர்த்துப் படிப்பேன். மாமியார் திட்டி எழுதியிருந்தால் அதை விழுங்கிவிட்டு, ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்று மாற்றிப் படிப்பேன். “அவரு படிச்சாத்தானுங்க கடுதாசி நல்லாருக்குது” என்று ஊரில் பேச்சு. அதைக் கேட்டு நான் பூரித்துப் போனேன். அது தப்பு என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை, அம்மிணி. புண்ணியம் செய்வதாகக்கூட நினைத்தேன்.

ராமாத்தாளை உனக்குத் தெரியும். நம் கடலைக்காட்டில் களை வெட்ட வருவாள். உன்னிடம் பிறகு படிக்க வந்தவள்தான். பிள்ளை கிடையாது. அவள் புருஷன் ரங்கன் மலைக்குப் போனவர்களில் ஒருவன். அவனை நீ பார்த்திருக்கமாட்டாய். கிணற்று வேலையில் கெட்டிக்காரன், பேச்சுக் குறைவு.

நீ அப்போது சித்தூரில் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். கல்வி இலாகாவிலிருந்து ஒரு மலையாள அதிகாரி நம் வாசகசாலையைப் பார்க்க வருவதாகத் தாக்கீது வந்தது. அவர் நல்லபடியாக எழுதினால் சர்க்கார் அங்கீகாரம் கிடைக்கும், புத்தகம் வரும், பத்திரிகை வரும், ஓலைக் கொட்டகை போய் ஓட்டுக் கட்டடம் வரும். சந்தை நாளிலேயே வாருங்கள் என்று நான்தான் எழுதிக் கேட்டுக்கொண்டேன். கூட்டத்தைக் காட்ட வேண்டும் அல்லவா! தண்டோராப் போட்டேன், மாவிலைத் தோரணம் கட்டினேன். அவர் வந்து பார்த்துவிட்டு, “வாயனசாலை கொள்ளாம்”, நன்றாயிருக்கிறது என்று தலையாட்டினார். பிறகு, “ஒரு கத்து வாயிக்கூ, கேள்க்கட்டே” என்றார், ஒரு கடுதாசியைப் படித்துக் காட்டச் சொல்லி. நான் கடுதாசி படிக்கிற சங்கதி அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. நான் கூட்டத்தைப் பார்த்தேன். முன்வரிசையில் ராமாத்தாள், அப்போதுதான் அஞ்சல்காரரிடம் வாங்கிய கடுதாசியோடு நின்றிருந்தாள். கொண்டுவரச் சொல்லிக் கை காட்டினேன். ஓடி வந்து கொடுத்தாள்.

பிரித்தேன். அதில் இருந்தது இதுதான். எனக்கு எழுத்துத் தப்பாமல் நினைவிருக்கிறது: ‘ராமாத்தாளுக்கு ரங்கன் சொல்லி எழுதுவது. எனக்கு இருபது நாளாகக் காய்ச்சல் விடவில்லை. கால் வீங்கிவிட்டது. வேலை செய்ய முடியவில்லை. எப்படியாவது மறையூர் வரைக்கும் இறங்கி வந்துவிடுகிறேன். அங்கே சாவடியில் இருப்பேன். அதற்கு மேல் நடக்க என்னால் ஆகாது. உன் தம்பி சின்னானை வண்டியோடு அனுப்பு. கடுதாசி கண்டவுடன் அனுப்பு. தாமதம் பண்ணாதே.’

நிமிர்ந்து பார்த்தேன். அதிகாரி நாற்காலியில் சாய்ந்து புன்சிரிப்போடு காத்திருக்கிறார். சந்தைக் கூட்டம் முழுக்க என் வாயைப் பார்க்கிறது. இதைப் படித்தால் அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுவாள், கூட்டம் கலையும், தோரணமும் தண்டோராவும் இழவு வீடாகப் போகும். கொஞ்ச நேரம்தானே, இவரை அனுப்பிவிட்டுத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் வாய் கூசாமல் படிக்க ஆரம்பித்துவிட்டேன். இங்கே சுகம், அங்கே சுகத்துக்கு எழுது. மாரியம்மன் நோம்பிக்கு முன்னால் வந்துவிடுவேன். வரும்போது உனக்கு மலைத் தேன் ஒரு குடுக்கை கொண்டு வருவேன். கூட்டம் கைதட்டியது. யாரோ ஒரு பெண் அவள் இடுப்பைக் கிள்ளி, “தேனாமா, தேனு!” என்று கேலி பண்ணினாள். ராமாத்தாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். “கேமமாயி” என்று மெச்சிக்கொண்டே அதிகாரி எழுந்து என் தோளைத் தட்டினார்.

அவரை வீட்டுக்கு அழைத்துப் போய் விருந்து வைத்தேன். திரும்பி வந்தபோது ராமாத்தாள் போய்விட்டிருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் அங்கீகாரக் காகிதத்துக்காக அதிகாரியோடு சித்தூர் போனேன். அதற்கு மறுநாள், மலையில் இருக்கிறவன் காய்ச்சல் என்றுதான் எழுதுவான், அது இந்நேரம் விட்டிருக்கும் என்று எனக்கு நானே சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டேன். ஐந்தாம் நாள் எழுந்து அவள் குடியிருந்த வளவுக்கே போனேன். சொல்லிவிடத்தான் போனேன், அம்மிணி, சாமி சத்தியம். அவள் சுவருக்குச் சாணி மெழுகிக்கொண்டிருந்தாள். “அவரு வர்றாருங்கள்ல, ஊடு இப்பிடிக் கெடந்தா நல்லாருக்குமுங்களா?” என்றாள். கையைக் கழுவிவிட்டு வந்து ஒரு முறத்தில் பச்சைக் கடலை கொண்டுவந்து வைத்தாள். நான் உட்கார்ந்து அந்தக் கடலையை உரித்துத் தின்றுவிட்டு, நோம்பிக்கு மழை வருமா என்று பேசிவிட்டுத் திரும்பி வந்தேன். கடலையைத் தின்றுவிட்டு வந்தேன்.

பன்னிரண்டாம் நாள் ஓரத்தில் கருப்பு மை தடவிய கடுதாசி வந்தது. அஞ்சல்காரர் அதை அவளிடம் கொடுக்காமல் நேரே என்னிடம் கொண்டு வந்தார். ரங்கன் மறையூர்ச் சாவடியில் இறந்துபோனான். எட்டு நாள் அங்கே கிடந்திருக்கிறான். வீட்டிலிருந்து வண்டி வரும் என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். கூட வேலை பார்த்த ஒருவன் எழுதியிருந்தான். அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ரங்கன் போய்விட்டான் என்று மட்டும் சொன்னேன். அவள் அழுகையினூடே கேட்டாள்: “போன கடுதாசில நல்லாருக்கேன்னு சொன்னாரேங்க? நோம்பிக்கு வாரேன்னாரேங்க?” திடீரென்று காய்ச்சல் கண்டுவிட்டதாம் என்றேன். எட்டு நாள் என்று எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. சாவுக் கடுதாசியை வீட்டில் வைக்கமாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அவள் கையாலேயே அதைக் கிழித்து வெளியே போட்டுவிட்டாள். முதல் கடுதாசியை மட்டும் மஞ்சள் துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் பத்திரப்படுத்தினாள். அதை இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல அவளுக்கு அவசியமே இல்லை. நான் படித்தது அவளுக்கு மனப்பாடம். களை வெட்டுகிற இடத்தில் மற்றப் பெண்களிடம் சொல்லுவாளாம், “கடேசிக் கடுதாசில எனக்குத் தேனு கொண்டாரேன்னு எளுதுனாருங்க” என்று. சர்க்கார் அங்கீகாரம் அந்த மாதமே வந்தது. ஓட்டுக் கட்டடமும் வந்தது. நீ பெருமையாகச் சொல்லுகிற வாசகசாலை அதுதான்.

இனி உனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும். மூன்று வருஷம் கழித்து நீ படிப்பை முடித்து ஊருக்கு வந்தாய். மத்தியான வேளையில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன் என்றாய். எனக்கு அவ்வளவு சந்தோஷம். வேலையில்லாத நாட்களில் பதினோரு பெண்கள் வந்தார்கள். ராமாத்தாளும் வந்தாள். முதலில் மந்தமாக இருந்தாள் என்று நீயே அலுத்துக்கொண்டாய். அப்புறம் என்ன வேகம்! ஒரு நாள் நான் பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் நின்று பலகையைப் பார்த்து ‘வா… ச… க…’ என்று விரல் வைத்துக் கூட்டினாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். “இன்னும் ரண்டு மாசமுங்க. என்ற ஊட்டுக்காரரு கடுதாசிய நானே படிச்சுப்போடுவனுங்க” என்றாள். நான் அடுக்கின பத்திரிகைகளைக் கலைத்து மறுபடி அடுக்க ஆரம்பித்தேன்.

அந்த வாரமே நீ நடத்திய வகுப்பை நிறுத்தினேன். ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள், காட்டு வேலை செய்கிற பெண்கள் எழுத்துப் படித்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள் என்று உன்னிடம் சொன்னேன். அப்படி ஒருவரும் என்னிடம் வந்து பேசவில்லை. நான்தான் அவர்கள் தலையில் போட்டேன். நீ விடவில்லை, நம் வீட்டு மாட்டுக் கொட்டத்தில் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறேன் என்றாய். அதைத் தடுக்கத்தான் அந்தத் தேவிகுளம் ஜாதகம் வந்தவுடன், முன்பின் யோசிக்காமல், ஒரே மாதத்தில் கல்யாணத்தை முடித்தேன். மாப்பிள்ளை நல்லவராக அமைந்தது உன் அதிர்ஷ்டம். நான் அதையெல்லாம் பார்த்துச் செய்யவில்லை. உன்னை ஊரை விட்டு அனுப்ப வேண்டும் என்றுதான் செய்தேன். வண்டி ஏறும்போது, “நீங்க ஊருக்குப் பயந்துட்டீங்கப்பா. உங்களை வேற மாதிரி நெனச்சிருந்தேன்” என்றாய். ஊருக்குப் பயந்தவன் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பதே எனக்குச் சௌகரியமாக இருந்தது. எழுத்தறியட்டும் என்று ஊர் ஊராகத் தண்டோராப் போட்டவன், ஒரே ஒருத்தி எழுத்தறிந்துவிடக் கூடாது என்பதற்காகப் பதினோரு பேருடைய சிலேட்டைப் பிடுங்கினேன். பெற்ற பெண்ணையும் தள்ளிவிட்டேன். என்னை நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை.

உன் கடிதம் வந்தபிறகு பத்து நாள் சோறு இறங்கவில்லை. ‘ஆட்களை எப்படி வரவழைத்தீர்கள்’ என்ற வரியே கண்முன் நின்றது. நீயும் அங்கே கடுதாசி படிப்பாய். லயத்துப் பெண்கள் கொண்டுவந்து நீட்டுவார்கள். ரங்கன் வீங்கின காலோடு இறங்கின பாதையும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. உன் அம்மாவிடம் முதலில் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “என்னத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கறீங்க? போய்ச் சொல்லிப்போட்டு வாங்க. சொல்லாம இந்த ஊட்டுக்குள்ள வராதீங்க” என்றாள்.

ராமாத்தாள் இப்போது தம்பி சின்னான் வீட்டோடு இருக்கிறாள். தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. நான் போய், அந்தக் கடுதாசியை எடுத்து வா, ஒரு தடவை படிக்க வேண்டும் என்றேன். சந்தோஷமாக எடுத்து வந்து கொடுத்தாள். உட்கார்ந்து, உள்ளது உள்ளபடி படித்தேன். அவளுக்குப் புரியவில்லை. வேறு யாருடைய கடுதாசியோ என்று நினைத்தாள். இதுதான் ரங்கன் எழுதியது, அன்றைக்கு நான் மாற்றிப் படித்தேன் என்று சொன்னேன்.

“அப்ப, தேனு?” என்றாள்.

“அது நான் போட்டதும்மா.”

கடுதாசியை வாங்கிப் பார்த்தாள். மறையூர் என்று எந்த இடத்தில் இருக்கிறது, காட்டுங்கள் என்றாள். காட்டினேன். விரல் வைத்து ‘ம…’ என்றாள். நீ சொல்லிக் கொடுத்த எழுத்து. அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. எட்டு நாள் அவன் காத்திருந்ததையும் சொல்லிவிட்டேன். “அவரு அங்க வழியப் பாத்துட்டுக் கெடந்திருக்காரு. நா இங்க செவுரு மெழுகீட்டு இருந்திருக்கறேன்” என்றாள். அப்புறம்தான் அழுதாள். சின்னான் தடியை எடுத்துக்கொண்டு வந்தான். அவள்தான் கையைக் காட்டி நிறுத்தினாள். நான் என்ன வேண்டுமானாலும் செய்கிறேன், சொல் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “அன்னைக்கு ஊரு பூரா கேக்கப் படிச்சீங்கள்ல? அதே மரத்தடில, அதே மாதிரி நின்னு, இதையப் படிங்க.”

நான் இந்த வயசிலும் நழுவத்தான் பார்த்தேன். அப்படிப் படித்தால் வாசகசாலையின் பேர் போய்விடும், ஒரு ஆள் வரமாட்டான் என்றேன். “போகட்டுமுங்க” என்றாள்.

சந்தை நாளில் படித்தேன். உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். குரல் எழும்பவில்லை, பின்னால் நின்றவர்கள் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள், திரும்ப முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று. முடித்துவிட்டு, அன்றைக்கு என்ன செய்தேன், பிறகு என்ன மறைத்தேன், உன் வகுப்பை ஏன் நிறுத்தினேன் எல்லாம் சொன்னேன். ஒருவரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரு கிழவர் காறித் துப்பிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். ஒரு பெண் மட்டும் கேட்டாள்: “அப்ப என்ற மாமியா பாசமா எளுதுனதெல்லாம்?” நான் கடுதாசியை மடித்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த சந்தைக்கு ஒரு குஞ்சும் வரவில்லை. பத்திரிகைகள் பிரிக்காமலே கிடந்தன. சரி, செய்ததற்கு இது காணாது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கு அடுத்த சந்தைக்கு, அதாவது முந்தாநாள், ராமாத்தாள் வந்தாள். பின்னால் இருபது பெண்களுக்கு மேல் இருக்கும். ஒவ்வொருத்தி மடியிலும் கடுதாசி. புதியதும் இருந்தது, பத்து வருஷத்துப் பழையது, மடிப்பெல்லாம் கிழிந்துபோனதும் இருந்தது. பழக்க தோஷம், நான் எழுந்து கையை நீட்டினேன். ஒருத்தியும் கொடுக்கவில்லை. முன்னால் நின்றவள் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“உங்ககிட்டப் படிக்க வரலீங்க” என்றாள் ராமாத்தாள். “எங்க கடுதாசிய நாங்களே படிச்சுக்கறோமுங்க. சின்னம்மிணி எப்ப வருதுங்க?”

மாப்பிள்ளையிடம் நான் வேண்டிக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மூன்று மாதத்துக்கு இங்கே வந்து இவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க உத்தரவு வாங்க முடியுமா என்று பார். முடியாவிட்டால் முடியாது என்று எழுது. ஆனால் எனக்கு எழுதாதே. ராமாத்தாள் பேருக்கு, பெரிய எழுத்தாக, கொஞ்ச வார்த்தையில் எழுது. அவர்கள் எல்லோரும் சேர்ந்து எழுத்துக் கூட்டிப் பார்த்துக்கொள்வார்கள். நான் தொடமாட்டேன்.

உன் அப்பன்